குப்புராஜ் மருந்தடிக்காத வீடு

கடப்பேரிக் குப்புராஜுக்குப் பூச்சிமருந்து அடிப்பது பிழைப்பு. பூச்சியை வேடிக்கை பார்ப்பது பழக்கம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும்? கசாப்புக் கடைக்காரன் ஆட்டுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தால் கடை எப்படி நடக்கும்?

அவன் பிறந்தது கானாத்தூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனையும் பதினாறு வயதில் கட்டுமரத்தில் ஏற்றினார்கள். அலை தாண்டுவதற்குள் வாந்தி. நாலு தரம் ஏற்றிப் பார்த்தார்கள், நாலு தரமும் அதே கதை. மீன்காரன் வீட்டில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? கரையிலேயே குந்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். எந்த இடத்தில் நிறம் மாறுகிறது, எங்கே பறவை இறங்குகிறது, நண்டு எந்த வளைக்குள் ஓடி எந்த வளையில் தலைகாட்டுகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பான். கல்யாணம் ஆகித் தாம்பரம் பக்கம் குடிவந்து, குரோம்பேட்டையில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் சேர்ந்து, முதுகில் டேங்க் மாட்டி பதினோரு வருஷம் ஆன பிறகும் அந்தப் பார்வை அவனை விட்டுப் போகவில்லை.

ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் மருந்தடிக்க மாட்டான். டேங்கை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "ஒரு ஸ்டூல் குடுங்கம்மா" என்பான். சமையற்கட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவான். கரப்பான் எந்தச் சந்திலிருந்து புறப்படுகிறது, எறும்பு எதை மோந்து பார்த்துத் திரும்புகிறது, கரையான் ஏன் அந்தச் சுவரை விட்டுவிட்டு இந்தச் சுவரில் ஏறுகிறது என்று, மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல் பார்ப்பான். காசு கொடுத்துக் கூப்பிட்டவர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆள் வேலைக்கு வந்தானா விருந்தாட வந்தானா என்று உள்ளே போய் முணுமுணுப்பார்கள்.

அந்த வருஷம் மட்டும் அவன்மேல் இரண்டு புகார். நாவலூரில் ஒரு அபார்ட்மெண்ட். "கரப்பான் உங்க வூட்டுதில்லம்மா. டிவி வந்த பொட்டி, ஃப்ரிட்ஜ் வந்த பொட்டின்னு பரண் பூரா அட்டைப்பொட்டி வெச்சிகினு கீறீங்க, அதுல குடும்பம் நடத்துது. தூக்கிப் போடுங்க, மருந்தே வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த அம்மா கம்பெனிக்குப் போன் செய்து, உங்கள் ஆள் மருந்தடிக்க வந்தானா புத்தி சொல்ல வந்தானா என்று கேட்டார். இரண்டாவது கூடுவாஞ்சேரியில். ஒரு புது வீட்டில் கரையான் எங்கே போகிறது என்று சைக்கிள் கம்பியை வைத்துப் புற்றைக் கிளறிக்கொண்டே போனவன் நேரத்தை மறந்துவிட்டான். அவன் அடுத்துப் போகவேண்டியிருந்த வீட்டுக்காரர் ஆபீஸுக்கு லீவு போட்டுக் காத்திருந்து நொந்துபோனார்.

சூப்பர்வைசர் சம்பந்தம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "இது மருந்தடிக்கிற கம்பெனிப்பா. ஆராய்ச்சி பண்ற எடம் இல்ல. மூணாவது கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா டேங்கைக் கழட்டி வெச்சிட்டு நீயே கெளம்பிடு. என்னை சொல்ல வெக்காத."

இந்த வேலை போனால் குப்புராஜுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கடல் எப்போதோ அவனைக் கரையில் தள்ளிவிட்டது. மனைவி முனியம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றாள், ஆனால் காற்றும் மழையும் அடித்தால் அவள் கூடை காலிதான். ஒன்பதாவது படிக்கும் மகள் அனுப்பிரியாவுக்கு ஐந்து வயதிலிருந்து வீசிங். அப்போது பார்த்த டாக்டர், "அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார். "அந்தச் சட்டையோட குழந்தை கிட்டப் போகாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து குப்புராஜ் வேலை முடிந்து வந்தால் வாசல் குழாயடியிலேயே நின்றுவிடுவான். சட்டையைக் கழற்றி வாளியில் முக்கி, தலையோடு குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவான். அதுவரை அனுப்பிரியா கதவுக்குப் பின்னால் நிற்பாள். "குளிச்சிட்டு வாப்பா" என்பதுதான் தினமும் அவள் அவனிடம் பேசும் முதல் வார்த்தை. ஒன்பது வருஷம் அப்படியே போயிற்று. அந்த வாடையை அவன் மனசார வெறுத்தான். ஆனால் அவளுக்கு இன்ஹேலர் வாங்கிக் கொடுத்ததும் அந்த வேலைதான். யாரிடம் போய் என்னவென்று சொல்வான்?

இப்படி இருக்கும்போது, 2007 மார்கழியில் ஒரு சனிக்கிழமை, ஆர்டர் சீட்டில் "முடிச்சூர் ரோடு, பூவராகன் வீடு, லேடிபக்" என்று எழுதியிருந்தது.

"லேடிபக்னா இன்னா சார்?" என்றான் குப்புராஜ்.

"ஏதோ ஒரு பக். போய் அடிச்சிட்டு வா. உக்காராத" என்றார் சம்பந்தம்.

பூவராகன் முடிச்சூர்ப் பூர்வீகம். ஒரு காலத்தில் கத்தரியும் நெல்லும் போட்ட நிலத்தை மனைபோட்டு விற்றுவிட்டு, மீதி இடத்தில் மாடிவீடு கட்டி, கீழே வாடகைக்கு விட்டு மேலே குடியிருந்தார். இப்போது மேலேயும் இல்லை. நுரையீரலில் நிமோனியா வந்து பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் இருந்தது மனைவி அங்காளம்மாவும், நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் விக்கியும். கதவைத் திறந்த விக்கியின் கண்ணில் தூக்கமே இல்லை.

"பாருங்க" என்று ஹாலைக் காட்டினான்.

குப்புராஜ் பார்த்தான். திரைச்சீலையில், டியூப்லைட் பட்டையில், தினசரி காலண்டர் அட்டையில், எங்கே பார்த்தாலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கவிழ்த்துவைத்த கிண்ணம்போல, செம்மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடும் புள்ளியுமாகப் புள்ளிவண்டு. ஒன்றா இரண்டா? அவன் எண்ணி அறுபத்து மூன்றில் நிறுத்தினான். கரப்பான் தெரியும், கரையான் தெரியும், மூட்டைப்பூச்சியின் முப்பாட்டன் வரைக்கும் தெரியும். வயல்வெளியில் திரிகிற இந்த அழகுச் சரக்கு மாடிவீட்டு ஹாலுக்குள் வந்து கூட்டம் போட்டதை அவன் பார்த்ததில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுத்தது.

"வெள்ளிக்கிழமை அப்பா டிஸ்சார்ஜ். ரூம் க்ளீனா இருக்கணும்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கார். நேத்து அவர் பெட் மேல நாலு ஓடுது. ஃபுல்லா ஸ்ப்ரே பண்ணிடுங்க" என்றான் விக்கி.

"சார், நெஞ்சு இன்னும் ஆறாதவரு வராரு. அந்த ரூம்ல மருந்தடிச்சா வாடை நிக்கும் சார்."

"ஹெர்பல் இருக்குல்ல, அதை அடிங்க."

"டப்பா மேல எல படம் போட்டா மருந்து மருந்தில்லாம பூடுமா சார்? இது கடிக்கிற பூச்சியும் இல்ல, நோய் குடுக்கிற பூச்சியும் இல்ல. ஏன் வருதுன்னு பாத்துட்டா தானா நிறுத்திடலாம்."

விக்கிக்குக் கோபம் வந்தது. அதில் தப்பும் சொல்ல முடியாது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து எழுந்தவனிடம் போய்ப் பூச்சியின் குலம் கோத்திரம் சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்? "வியாழக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அதுக்கப்புறம் ஒரு பூச்சி இருந்தாலும் உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணுவேன்" என்றான்.

மூன்றாவது புகார் எங்கேயிருந்து வரும் என்று குப்புராஜுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. பத்து நிமிஷ வேலை. டேங்கை மாட்டி, கைப்பிடியை நாலு தரம் அழுத்தி, சுவரோரம் ஒரு சுற்று வந்தால் அத்தனையும் மல்லாந்துவிடும். சீட்டில் கையெழுத்து, வேலை பத்திரம். அவன் டேங்க் பக்கம் போகவும் போனான். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "குளிச்சிட்டு வாப்பா" என்கிற குரல் காதுக்குள் கேட்டது. திரும்பி வந்து, "ஒரு ஸ்டூல் குடுங்கம்மா" என்றான்.

முதல் நாள் பூச்சியோடு பழகுவதிலேயே போயிற்று. விரலால் தொட்டால் ஆறு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு செத்ததுபோல் நடித்தது. கொஞ்சம் அழுத்தினால் முழங்காலிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது, குமட்டுகிற நாற்றம். சும்மா விட்டால் எது உயரமோ அதன் உச்சிக்கு நடந்துபோய், முதுகு ஓட்டை இரண்டாகப் பிளந்து, உள்ளே மடித்துவைத்த இறக்கையை உதறிப் பறந்தது. இவ்வளவு பெரிய இறக்கையை இவ்வளவு சின்ன ஓட்டுக்குள் எப்படி மடித்து வைக்கிறது? குப்புராஜ் அதையே இருபது தரம் பார்த்தான். அங்காளம்மா காப்பி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று.

"தெனம் ஒரு முறம் வாரி வெளியில கொட்றேன் தம்பி. மறுபடி வருது. பழசே வருதா புதுசா வருதான்னு தெரியல" என்றாள் அங்காளம்மா.

நல்ல கேள்வி என்று குப்புராஜுக்குத் தோன்றியது. திருநீர்மலைத் தேர்த் திருவிழாவில் அனுப்பிரியா வாங்கியிருந்த பச்சை நகப்பூச்சு பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். துடைப்பக் குச்சி நுனியால் ஐந்து வண்டின் முதுகில் ஆளுக்கொரு பொட்டு வைத்தான். தெருக்கோடி தாண்டிக் காலிமனையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். திங்கட்கிழமை சாயங்காலம் ஹாலுக்குள் நுழைந்தால் காலண்டர் மேல் இரண்டு பச்சைப் பொட்டு, திரைச்சீலையில் ஒரு பச்சைப் பொட்டு. குப்புராஜ் வாய்விட்டுச் சிரித்தான். ஊர் தாண்டி விட்ட பூனைக்குட்டி மறுநாள் அடுப்படியில் வந்து உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி. ஆக, வாரிக்கொட்டிப் பிரயோசனம் இல்லை. இந்த வீட்டில் ஏதோ ஒன்று அதுகளைக் கூப்பிடுகிறது. அது எது?

அதைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்க்க முடியாது என்று, செவ்வாய்க்கிழமை டூட்டிக்குப் போகும் முன் விடிகாலையிலேயே வந்துவிட்டான். அங்காளம்மா குளித்து, ஈரத்தலையில் துண்டு சுற்றி, கையில் பித்தளைச் செம்போடு ஹாலைத் தாண்டி பால்கனிக்குப் போனாள். குப்புராஜும் பின்னாலேயே போனான். அதுவரை அந்தப் பால்கனிக் கதவை யாரும் அவனுக்குத் திறந்து காட்டவில்லை.

சிமெண்ட் தொட்டியில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளெருக்கு. அடித்தண்டில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நூல் சுற்றியிருந்தது. வெள்ளெருக்கு பன்னிரண்டு வருஷம் நின்றால் அதன் வேர் தானாகவே பிள்ளையாராக உருவெடுக்கும் என்று சொல்வார்கள். அங்காளம்மா ஏழு வருஷத்தைக் கடத்தியிருந்தாள், பாக்கி ஐந்து. செம்பிலிருந்ததை அடித்தண்டில் ஊற்றினாள். பசும்பாலில் வெல்லம் கரைத்த வாசனை வந்தது.

அவள் கும்பிட்டுவிட்டு உள்ளே போனதும் குப்புராஜ் தொட்டிக்கு முன்னால் குந்தினான். எருக்கின் கொழுந்திலும் மொட்டிலும் மஞ்சள் ரவை கொட்டியதுபோலச் செடிப்பேன், விவசாயிகள் அசுவினி என்பார்களே அது. தண்டில் மேலும் கீழும் எறும்புச் சாரி. புள்ளிவண்டு ஒன்று பறந்து வந்து கொழுந்தில் உட்கார்ந்து ஒரு பேனைக் கவ்வியது. உடனே நாலு எறும்பு ஓடிவந்து அதன் காலைக் கடித்தது. வண்டு காலை உதறியது, சுற்றிச் சுற்றி வந்தது, தாக்குப்பிடிக்க முடியாமல் எழும்பிப் பறந்தது. எங்கே போயிற்று? பக்கத்தில் இருந்த ஜன்னல் கம்பியில் போய் உட்கார்ந்தது. உள்ளே எரிகிற டியூப்லைட்டைப் பார்த்துத் திரைச்சீலைக்குத் தாவியது. அடுத்தது வந்தது, அதற்கும் அதே கதி.

செடிப்பேனின் பின்பக்கம் தித்திப்பாக ஒரு சொட்டு சுரக்கும், எறும்புக்கு அது உயிர். மாடு வளர்ப்பதுபோல் எறும்பு அதை வளர்க்கும், தின்ன வருகிறவனை விரட்டும். இதெல்லாம் குப்புராஜ் ஏற்கெனவே பல தொட்டிச்செடியில் பார்த்ததுதான். ஆனால் மாடி ஏறி இத்தனை எறும்பு இங்கே ஏன் வந்தது? அவன் தொட்டி மண்ணை விரலால் தொட்டான். பிசுபிசு என்று ஒட்டியது.

"அம்மா, பால் எத்தினி நாளா ஊத்தறீங்க?"

"மின்ன எல்லாம் சங்கடஹர சதுர்த்திக்கு மட்டும்தான் தம்பி. அவரை ஐசியூல சேர்த்தாங்க பாரு, அன்னியிலருந்து தெனம். வெல்லமும் சேத்து."

"வண்டு எப்பலேர்ந்து?"

"அவரு போயி அஞ்சாறு நாள்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

குப்புராஜுக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. புருஷன் பிழைத்து வரவேண்டும் என்று ஈரத்தலையோடு ஊற்றிய பாலைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? நாவலூர் அம்மாவிடம் அட்டைப்பெட்டியைச் சொன்ன நாக்கு இங்கே எழவில்லை. தலையைச் சொறிந்தான்.

அதற்குள் சத்தம் கேட்டு விக்கி எழுந்து வந்தான். கதையைக் கேட்டதும் கத்தியை எடுக்காத குறை. "அப்ப செடியை வெட்டிப் போட்டா மேட்டர் ஓவர்!"

"கை வெச்சுப் பாருடா. பிள்ளையார்தான் உங்கப்பாவைக் கொண்டாந்து வுடப்போறாரு, நீ வெட்டுவியா?" என்றாள் அங்காளம்மா. சொல்லிவிட்டுக் குப்புராஜைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "நான் வேண்டிக்கினதாலயா தம்பி இந்தப் பேஜாரு?"

"வேண்டுதலுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. பால் பிள்ளையாருக்குப் போறதுக்கு மின்ன எறும்பு சாப்ட்டுடுது. அவ்ளோதான்."

அங்காளம்மாவே வழியும் சொன்னாள். "சர்க்கரை டப்பாவைத் தண்ணித் தட்டுல வெக்கிறோமே, எறும்பு ஏறாம. அந்த மாதிரி பாலைக் கிண்ணத்துல ஊத்தி, தண்ணித் தட்டுல வெச்சு அவருக்குக் காட்டிட்டு எடுத்துக்கினா?"

குப்புராஜுக்கு எழுந்து அவள் காலில் விழலாம்போல இருந்தது. "அதேதாம்மா!" என்றான்.

இரண்டு பேரும் சேர்ந்து மேல்மண்ணை வாரிவிட்டுப் புதுமண் போட்டார்கள். எறும்பு தண்டில் ஏறாமல் இருக்க விளக்கெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றவேண்டும் என்றான் குப்புராஜ். அழுக்குத் துணியைப் பிள்ளையாருக்குக் கட்டுவதா என்று அங்காளம்மா புது வேட்டியின் ஓரத்தைக் கிழித்து, மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, அதை எண்ணெயில் முக்கிக் கொடுத்தாள். கட்டி முடித்தபோது பிள்ளையார் வேட்டி உடுத்தி நிற்பதுபோல்தான் இருந்தது. பால்கனி ஜன்னலைச் சாயங்காலம் சாத்திவைக்கவும், டியூப்லைட்டுக்குப் பதில் உள் அறை விளக்கைப் போடவும் சொல்லிவிட்டு அவன் டூட்டிக்கு ஓடினான்.

புதன்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் ஹாலில் முன்னைவிட அதிகம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததோ என்று குப்புராஜ் ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்தான். உள்ளே இருந்த பழைய கூட்டம் வெளியே போக வழியில்லாமல் ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் சங்கதி. அவன் தபால் அட்டையும் டம்ளருமாக ஒவ்வொன்றாகப் பிடித்து எருக்கின் கொழுந்தில் கொண்டுபோய் விட்டான். அந்த நேரம் பார்த்து விக்கி அப்பாவின் கட்டிலுக்குப் புது விரிப்பை விரித்தான். அதன் நட்டநடுவில் ஒன்று நடந்துபோயிற்று. விக்கி செல்போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிக் கீழே போனான். யாருக்குப் பேசினான் என்று குப்புராஜ் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது.

வியாழக்கிழமை நிலைமை தலைகீழ். எறும்பு விளக்கெண்ணெய்த் துணி வரைக்கும் வந்து, மீசையை ஆட்டிப் பார்த்து, வந்த வழியே இறங்கியது. மேலே கொழுந்தில் புள்ளிவண்டுகளுக்குக் கல்யாணப் பந்தி. தடுக்க ஆளில்லை. ஒவ்வொன்றும் வரிசையில் உட்கார்ந்து செடிப்பேனை ஒரு பக்கத்திலிருந்து தின்றுகொண்டே போயிற்று. இலை மடியில் மஞ்சளாகக் கொத்துக்கொத்தாக முட்டைகூட வைத்திருந்தது. ஹாலில் குப்புராஜ் தேடித் தேடிக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் பச்சைப் பொட்டு வைத்தது. அதைக் கையில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செடியில் விட்டான். ஏற்கெனவே செடியில் இருந்த மூன்றோடு சேர்த்து, பொட்டு வைத்த ஐந்தில் நான்கை மறுபடி பார்த்துவிட்டான். ஐந்தாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அதைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் யோசிப்பான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பூவராகன் வந்தார். அங்காளம்மா சொன்னதால் குப்புராஜும் வந்திருந்தான். ஆனால் மருந்து வாடைச் சட்டை என்று படிக்கட்டிலேயே ஒதுங்கி நின்றான். ஹாலில் ஒரு பூச்சிகூட இல்லை. பூவராகன் மகன் தோளைப் பிடித்து மெதுவாக நடந்து, பால்கனி வரைக்கும் போய்ச் செடியைப் பார்த்தார்.

"இன்னாடி, பிள்ளையாருக்கு வேட்டி கட்டியிருக்கே?"

அங்காளம்மா ஒரு வாரக் கதையை ஒரே மூச்சில் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் சிரித்தார், சிரித்து இருமினார். "கத்தரித் தோட்டத்துல அசுவினி வுழுந்தா இதுங்க தானா வந்து வழிச்சித் தின்னுட்டுப் போவும். இதுக்குப் போயி கம்பெனியிலேர்ந்து ஆளைக் கூப்ட்டீங்களா? நான் ரெண்டு வாரம் இல்லன்னா இந்த வூடு இன்னா ஆவுது பாரு." பிறகு படிக்கட்டைப் பார்த்து, "தம்பி, நீ மருந்தடிக்காம இருந்தியே, அது போதும்பா" என்றார்.

குப்புராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். சரியாக அப்போது அவன் செல்போன் அடித்தது. சம்பந்தம்.

"புதன்கிழமை கம்ப்ளெயின்ட் வந்துடுச்சுப்பா. மூணாவது. நேத்தே மேல அனுப்பிட்டேன். சாமானைக் கொண்டாந்து ஒப்படைச்சிடு."

போனில் பேசியது ஹால் வரைக்கும் கேட்டது, விக்கியின் முகம் செத்துப்போயிற்று. ஓடிவந்து போனைப் பிடுங்கி, "சார், நான்தான் கம்ப்ளெயின்ட் பண்ணேன். ப்ராப்ளம் சால்வ்டு. நான் வாபஸ் வாங்கறேன். அவர் சூப்பரா வேலை பண்ணியிருக்கார்" என்று படபடத்தான்.

"இருக்கட்டும் சார்" என்றார் சம்பந்தம். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஆறு நாள் வந்திருக்கான், டேங்க் ரொப்புன மேனிக்கே திரும்பி வருது. நாங்க மருந்து விக்கிறவங்க சார். மருந்தில்லாம பூச்சிய ஓட்டறவனை வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

விக்கி குப்புராஜின் கையைப் பிடித்துக்கொண்டான். "சாரிண்ணா, சாரிண்ணா" என்றான். முதல் தடவையாக அண்ணா என்று கூப்பிட்டான் என்பதைக் குப்புராஜ் கவனித்தான். அவனைத் திட்டத் தோன்றவில்லை. "அப்பாவைப் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

குரோம்பேட்டையில் டேங்க், முகமூடி, இரண்டு செட் யூனிஃபார்ம், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டான். பையில் வைத்திருந்த சொந்தச் சட்டையை மாற்றிக்கொண்டான். பஸ் ஏற மனமில்லாமல் நடந்தே வந்தான். முதுகில் டேங்க் இல்லை, ஆனாலும் முதுகு குனிந்தேதான் நடந்தது. பயமாக இருந்தது. முனியம்மாவிடம் எப்படிச் சொல்வது, அடுத்த மாதம் இன்ஹேலருக்கு என்ன வழி, நாற்பது வயதில் யார் வேலை தருவார்கள் என்று வழி முழுக்க வார்த்தைகளைக் கோத்துக் கோத்து அவிழ்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அனுப்பிரியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடைகூட மாற்றாமல் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் போனாள்.

"குளிச்சிட்டு வாப்பா."

அவன் காலும் தானாகக் குழாயடிப் பக்கம் திரும்பியது. பாதி வழியில் நின்றான்.

"வேலை பூட்ச்சு பாப்பா. டேங்கு, சட்டை எல்லாத்தையும் குடுத்துட்டேன். இன்னிக்கு மருந்தே தொடல."

அனுப்பிரியா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், மறுபடி வந்தாள். அவன் தோளுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து மெதுவாக மோந்து பார்த்தாள். பிறகு இன்னொரு தரம், நன்றாக இழுத்து மோந்தாள். குப்புராஜ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அப்ப இனிமே குளிக்காமலே உள்ள வரலாமாப்பா?" என்றாள்.

அவன் அவள் தலையில் கையை வைத்தான். "வரலாம்" என்றான்.